பயப்பட வைக்கும் வேலை

என் வாய்க்கு இந்த உலகத்தில் ஓர் உபயோகம் உண்டு என்று முதன்முதலில் சொன்னது அந்த மிருக டாக்டர்தான். அதுவரை என் நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர்கள், என் தையல் கடையில் துணி கொடுத்துவிட்டுச் சொன்ன நாளில் வாங்க வந்து ஏமாந்தவர்கள், எல்லோரும் வாயைக் குறை என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெண் மட்டும், "நீங்க கத்தணும்மா. நல்லா கத்தணும். அது பிழைக்கிறது உங்க கையிலதான் இருக்கு" என்றாள்.

கத்தினேன். அதனால் என்ன ஆனது என்று சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரரின் லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறார். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அன்றைக்கு விடிந்தும் விடியாத நேரம். ஆற்றுப் பாலத்தை விட்டு இறங்கும் இடத்தில் ஏதோ குறுக்கே ஓடியிருக்கிறது. பிரேக் பிடித்தது. ஆனால் அதற்குள் முடிந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பார்கள். இவர் இறங்கினார். பெரிய பெண் நீர்நாய், அங்கேயே உயிர் போய்விட்டது. ஓரத்துப் புல்லுக்குள் இன்னொன்று கத்திக்கொண்டிருந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய குட்டி.

வீட்டு வாசலில் துண்டு மூட்டையோடு வந்து நின்றார். "என்னங்க அது, பெருச்சாளியா?" என்று கேட்டேன்.

"நீர்நாய்க்குட்டி. இதோட அம்மாவ நான் கொன்னுட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. சொந்த அப்பா செத்த அன்றைக்குக்கூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டு இருந்த ஆள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் அகப்பட்ட நம்பருக்கெல்லாம் போன் போட்டு, அடிபட்ட காட்டு விலங்குகளை வைத்துப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு பேரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேர் என்றால் இவரையும் குட்டியையும்.

ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். ஒரு பக்கம் கூண்டுகள், ஒரு பக்கம் சமையலறை மாதிரி ஓர் அறை, அதில் ஆட்களுக்குச் சமையல் கிடையாது. பின்னால் வலை போட்ட குளம். எங்கும் பினாயில் வாடையும் மீன் வாடையும். டாக்டருக்கு என் மகனை விட வயது குறைவு. குட்டியைத் திருப்பிப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, எடை போட்டாள்.

"அடி ஒண்ணும் இல்ல. ஆனா ஒத்தைக் குட்டி, அதுதான் கஷ்டம். கூடப்பிறந்தது ஒண்ணு இருந்தா அதோட விளையாடும், நம்ம பக்கம் திரும்பாது. ஒத்தையா இருந்தா நம்மளையே அம்மான்னு நினைச்சுக்கும். அப்படி நினைச்சிடுச்சுன்னா ஆத்துக்குத் திருப்பி விட முடியாது."

"விடணும்" என்றார் இவர். அந்தக் காலையில் அவர் சத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். "நான் வர்றேன் டாக்டர். லீவு நாள் எல்லாம் வர்றேன். வண்டிய விட்டதும் வர்றேன். என்ன வேலைன்னாலும் குடுங்க."

"சம்பளம் எல்லாம் கிடையாது சார்."

"தெரியும்."

என்னையும் கையோடு சேர்த்துவிட்டார். நான் எதுக்கு என்று கேட்டால், நீ கூட இருந்தா தைரியமா இருக்கும் என்றார். என் நாத்தனார் போனில் சிரியோ சிரி என்று சிரித்தாள். "நாய்தானே அண்ணி, உங்க தெருவுல இல்லாத நாயா?" என்றாள். அவள் அண்ணன் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை அவள் பார்க்கவில்லை. பாலத்து வழியாகப் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு லாரி ஓட்டுவதும் அவளுக்குத் தெரியாது.

அங்கே மூன்று சட்டங்கள். பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது, பேர் வைக்கக் கூடாது. முதல் சட்டம் எனக்காகவே போட்டது மாதிரி இருந்தது. அழுக்குத் துண்டுகளைத் துவைப்பதும் மீன் வெட்டுவதும் என் வேலை. வாயை மூடிக்கொண்டு மீன் வெட்டுவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. கூட வேலை செய்தவர் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர் தோள் குலுங்கும், ஆனால் சத்தம் வராது.

கூண்டுக்குள் போகிறவர்கள் அப்போதெல்லாம் ஆளுக்கொரு பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போவார்கள். ஒன்றில் கை இல்லை, இன்னொன்றில் பட்டன் இல்லை. டாக்டர் என்னிடம் வந்து, "எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்மா. முகம், கை, நடை எதுவும் தெரியக் கூடாது. மனுஷ உருவமே அதுக்குப் பழகக் கூடாது. தைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

முடியுமாவா. சாம்பல் நிறத்தில் கெட்டித் துணி எடுத்தேன். கணுக்கால் வரை நீளம், விரல் நுனி வரை கை, தலைக்கு மூடாக்கு, முகத்துக்கு முன்னால் கறுப்பு வலை. மடிப்பு ஒவ்வொன்றிலும் இரட்டைத் தையல். எல்லோரும் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றபோது என் புருஷன் எது, டாக்டர் எது என்று எனக்கே தெரியவில்லை. "இத்தனை வருஷம் பேங்க்ல இருந்தப்பகூட எனக்குக் கொள்ளையடிக்கிற யோசனை வரல, இப்ப வருது" என்றார் பேங்க்காரர். என் தையலைப் பார்த்து நான் அவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

நீர்நாய்க்குட்டிக்குப் பிறக்கும்போதே நீந்தத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. தண்ணீரைக் கண்டாலே பயப்படும். தாய்தான் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய் உள்ளே போடுமாம். அந்த வேலையை இவர் செய்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு முட்டி போட்டு, குட்டியைத் தொட்டித் தண்ணீரில் விடுவார். அது அலறிக்கொண்டு கையில் ஏறும். மறுபடி விடுவார். மறுபடி ஏறும். ஒருநாள் ஏறவில்லை. உள்ளே முங்கி, தொட்டியின் அந்தப் பக்கம் எழுந்து, தும்மியது. வலைக்குப் பின்னால் இவர் முகம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் தோள் குலுங்குவது தெரிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பாலத்து வழியாகவே லாரியை ஓட்டினார்.

பேர் வைக்கக் கூடாதுதான். ஆனால் வீட்டில் நாங்கள் அதை வாலு என்று சொல்ல ஆரம்பித்திருந்தோம். வால் அவ்வளவு நீளம், சேட்டையும் அவ்வளவு. "வாலு இன்னிக்கு நாலு மீன் தானே பிடிச்சுது" என்பார். "உங்க மகன் இந்த வயசுல ஊட்டி விட்டாக்கூடத் தின்ன மாட்டான்" என்பேன். அவர் சிரிப்பார். சாப்பிடவும் தூங்கவும் ஆரம்பித்தார்.

வாலு வளர்ந்தது. குளத்தில் உயிர் மீன் விட்டால் ஒன்றைக்கூட மிச்சம் வைப்பதில்லை. அப்போதுதான் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினாள்.

"ஆத்துக்கு விடணும்னா இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. மனுஷனைக் கண்டா அது ஓடணும். கரை ஓரமா படகுக்காரங்க இருக்காங்க, வலை போடறவங்க இருக்காங்க. பக்கத்துல போச்சுன்னா அடிச்சிடுவாங்க. நாம வளர்த்த பிள்ளை, நாமதான் பயமுறுத்தி அனுப்பணும்."

பேங்க்காரரை முதலில் அனுப்பினாள். அவர் கடன் இல்லை என்பதையே கனிவாகச் சொல்லிப் பழகியவர். வாலு அவரைச் சட்டையே செய்யவில்லை. இவர் ஒரு தகரத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், தட்டாமலே வெளியே வந்தார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பாத்திர மூடியைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது வாலு பின்னங்காலில் எழுந்து நின்று பார்த்தது. புது விளையாட்டு என்று நினைத்திருக்கும், என் பக்கம் ஓடி வந்தது. கத்தினேன். அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அதன் மேல் கொட்டினேன். போ சனியனே, தொலைஞ்சு போ, யார்கிட்டடா வர்றே என்று தொண்டை கிழியக் கத்தி, குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். அது குளத்து மூலையில் இருந்த சிமென்ட் குழாய்க்குள் புகுந்துகொண்டது. உள்ளேயிருந்து இரண்டு கண் மட்டும் தெரிந்தது. நான் துணி துவைக்கிற அறைக்குப் போய் ஈரத் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். எனக்கும் அதன் மேல் உயிர். அதைச் சொல்வதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். பிறகு நான் மூடியைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. கதவருகில் சாம்பல் நிறம் தெரிந்தாலே வாலு தண்ணீருக்குள் மறைந்தது. யார் போனாலும் மறைந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றாள்.

பாலத்துக்கு மேலே, நாணல் அடர்ந்த ஒரு வளைவில் பெட்டியைத் திறந்தோம். வாலு வெளியே வந்து, மூக்கை உயர்த்தி, எங்களைத் திரும்பிப் பார்த்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம். பார்த்த வேகத்தில் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் அடிக்கடி கோட்டோடு கரைக்குப் போய்ப் பார்ப்போம். தூரத்தில் தலை தெரியும், எங்களைக் கண்டதும் காணாமல் போகும். ஒருத்தர் நம்மைக் கண்டு ஓடுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். திரும்பி வரும்போது டீ வாங்கிக் குடித்து, ஆளுக்கு ஆள் கை குலுக்கிக்கொள்வோம்.

இவர் ஆளே மாறிப் போனார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பல் தேய்க்கும்போது பாட்டை முணுமுணுத்தார். நாத்தனார் போன் செய்தால் அவளைக் கிண்டல் செய்தார். ஆனால் தினமும் கொஞ்சம் தாமதமாக வர ஆரம்பித்தார். தையல்காரிக்குச் சட்டையைத் துவைக்கப் போடும் முன்னால் பாக்கெட்டைப் பார்க்கிற பழக்கம் உண்டு. பாக்கெட்டில் மீன் செதில். இந்த வயதில் இவருக்கு ஒரு தொடுப்பா, அதுவும் மீன் விற்கிறவளா என்று நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார், அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் மதியம் படகுக்காரர் ஒருவர் எங்கள் இடத்துக்கே வந்தார். ஆற்றைக் கடக்க ஆள் ஏற்றிப் போகிறவர், மிச்ச நேரத்தில் வலை போடுவார். கோபமாக வரவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க விட்ட நீர்நாய் என் படகுல ஏறிடுச்சு. கூடையில வாய் வெச்சுது. துடுப்ப ஓங்கினேன். வேற ஒண்ணா இருந்தா ஓடியிருக்கும், இது நின்னு என் முகத்தையே பாக்குது. படகுல என் சின்னப் பொண்ணு இருந்தா. கடிச்சு வெச்சா நான் என்ன பண்றது?"

"கடிக்காதுப்பா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியுமா? இன்னொரு தடவ வந்தா ஓங்கறதோட நிக்க மாட்டேன். அடிச்சிட்டு வந்து சொல்றத விட முன்னாடியே சொல்லிடலாம்னுதான் வந்தேன். அப்புறம் என் மேல வருத்தப்படாதீங்க."

அவர் போன பிறகு, "நம்மளைக் கண்டா ஓடுதே, அவரைக் கண்டு ஏன் ஓடல?" என்றார் பேங்க்காரர். டாக்டர் ஆணியில் வரிசையாகத் தொங்கிய கோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் வெளுத்தது.

"நாம அதுக்கு மனுஷனக் காட்டவே இல்ல" என்றாள். "பால் குடுத்தப்பவும் கோட்டு, பயமுறுத்தினப்பவும் கோட்டு. சாம்பல் கலரைப் பாத்தாதான் அது ஓடுது. சட்டை போட்டுக்கிட்டு ரெண்டு கால்ல வர்றது என்னன்னே அதுக்குத் தெரியாது. என் தப்பு. பயமுறுத்தினப்ப கோட்டக் கழட்டச் சொல்லியிருக்கணும்."

இரட்டைத் தையல் போட்டு நான் தைத்த கோட்டுகள். அவற்றை அப்படியே அடுப்பில் போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

"ஆனா இன்னொண்ணு புரியல" என்றாள் டாக்டர். "தெரியாத ஒருத்தன்கிட்ட பயம் இல்லாம இருக்கலாம். கூடையில வாய் வெக்கிற அளவுக்குப் போகாது. சட்டை போட்ட யாரோ மீன் குடுத்துப் பழக்கியிருக்காங்க."

சட்டைப் பாக்கெட்டில் இருந்த மீன் செதில் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஆட்டோ பிடித்து ஆற்றுக்குப் போனேன். பாலத்தடியில் லாரி நின்றது. கொஞ்சம் தள்ளி ஒரு பாறை மேல் இவர் உட்கார்ந்திருந்தார், காக்கிச் சட்டையோடு. காலடியில் வாலு மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் மீனைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. அத்தனை மாதம் வளர்த்தோம், ஒருநாள்கூட நாங்கள் வெறும் முகத்தோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் மகன் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கண்டதும் மறைக்கப் பார்ப்பார் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. "வா, வா, மெதுவா வா" என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்காமல் போய் எட்ட நின்றேன்.

"ஒருநாள் வண்டிய நிறுத்திட்டுச் சும்மாதான் இறங்கினேன்" என்றார். "நேரா வந்துச்சு. கால் மேல கை வெச்சுச்சு. இதோட அம்மாவக் கொன்னவன் நான். என்கிட்ட வந்து கை வெக்குது. மன்னிச்சிடுச்சுன்னு நினைச்சேன்."

இதைக் கேட்ட பிறகு படகுக்காரர் வந்ததை நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கோட்டைப் பற்றிச் சொன்னேன், மீனைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போனது. வாலு மீனை முடித்துவிட்டு அவர் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப இதையும் நான்தான் கொல்லப் போறேனா?" என்று கேட்டார்.

நான் போனில் சொன்னதும் டாக்டர் அன்றைக்கே வீட்டுக்கு வந்தாள். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னாள். திரும்பப் பிடித்துக்கொண்டு வந்து ஆயுசுக்கும் கூண்டில் ஒத்தையாக வைப்பது ஒன்று. கரையிலேயே வைத்து, கோட்டு இல்லாமல், மறுபடியும் பயமுறுத்துவது இன்னொன்று.

"கூண்டு வேண்டாம்" என்றார் இவர். "இவ கத்தட்டும். இவளுக்கு நல்லா வரும்."

"அம்மா கத்தினா பத்தாது சார்." அவளுக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. "மீன் குடுத்த ஆளே செய்யணும். வேற யார் விரட்டினாலும் நீங்க ஒருத்தர் நல்லவர்ங்கற நினைப்பு அதுக்குப் போகாது. அந்த நினைப்போட எல்லார்கிட்டயும் போகும். அதுக்கு வலிக்கணும் சார். சும்மா ஓங்கினா நம்பாது."

நானும் வரட்டுமா என்று டாக்டர் கேட்டாள். வேண்டாம், இவ மட்டும் வந்தா போதும் என்றார்.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். அவர் காக்கிச் சட்டை, நான் கடைக்குப் போகிற உடுப்பு. நாங்கள் பாறைக்கு வருவதற்கு முன்பே தண்ணீரில் ஒரு கோடு எங்களை நோக்கி வந்தது. வாலு கரையேறி உடம்பை உதறியது. அவர் வெறும் கையைப் பார்த்துவிட்டு, பாக்கெட்டைப் பார்த்து எழுந்து நின்றது.

அவர் கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கத்திவிட்டேன். "போ, சனியனே." அந்தக் குரல் வாலுவுக்குத் தெரிந்திருந்தது. கோட்டுக்குள் இருந்து வந்த அதே குரல். உடம்பு குறுகி, நடுங்கி, நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. தண்ணீருக்கு ஓடவில்லை. அவர் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் இனி ஒரு சத்தம் போட்டாலும் அது அவரிடம்தான் போகும் என்று இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

விலகி நின்று ஒரு கூழாங்கல்லை எடுத்து அதன் பக்கத்தில் எறிந்தார். வாலு துள்ளி, தண்ணீருக்குள் போய், கல்லைத் தேடி எடுத்து, மார்பில் வைத்து உருட்டிக்கொண்டே மிதந்தது. இன்னொன்று எறிந்தார். அதற்கும் போனது. இப்படி ஒரு விளையாட்டை அவர் ஏன் முன்னாலேயே ஆரம்பிக்கவில்லை என்று கேட்கிற மாதிரி கரைக்கு வந்து காத்து நின்றது.

"அது மேல படணும்" என்றேன்.

அவர் கொஞ்சம் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்தார். எடுத்துவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு எறிந்தார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, குறி தப்பவில்லை. இடுப்பில் பட்டது. அது போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். உருண்டு தண்ணீரில் விழுந்து, கொஞ்ச தூரத்தில் தலையைத் தூக்கி, அங்கும் இங்கும் பார்த்தது. யார் அடித்தது என்று தேடியது. அவரை அது நினைக்கவே இல்லை. வலித்ததும், எங்கே போனால் வலி நிற்கும் என்று அதற்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு வந்தது. ஒரு பின்னங்காலை இழுத்துக்கொண்டு கரையேறி அவர் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டது.

அவர் குனிந்தார். தடவப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தடவிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். துடுப்பு ஒருநாள் இறங்கும்.

"இன்னொண்ணு" என்றேன்.

"என்னால முடியாதும்மா."

"இன்னொண்ணுங்க. பக்கத்துல இருந்து. உங்களத்தான் அது பாக்கணும்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் காலை உதறினார். வாலு பின்னால் விழுந்து, தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே எறிந்தார். இந்தத் தடவை அது கத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. தண்ணீர் காலில் பட்டதும் திரும்பிப் பாய்ந்தது. அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது. போ, போ, வராதே, போயிடு என்று கத்திக்கொண்டே கரையோரமாக ஓடினார். ஓடிக்கொண்டே கல்லை எறிந்தார். நாணலுக்குள் அது மறைந்த பிறகும் வெறும் தண்ணீரில் எறிந்துகொண்டிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

லாரிக்குத் திரும்பி வந்து உள்ளே ஏறி உட்கார்ந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"போயிடுச்சா?" என்று கேட்டார்.

"போயிடுச்சு."

"பயந்துதான போச்சு? நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன். பயந்துதான் போச்சு."

"இனிமே யார்கிட்டயும் போகாது இல்ல?"

"போகாது."

"என்கிட்டயும்?"

"உங்ககிட்டயும்" என்றேன்.

தலையை ஆட்டினார். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிச் சாவியை எடுத்தார். அது ஓட்டைக்குள் போகவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.